ஒரு மணிக்கு எழுபத்தைந்து நிமிடம்

பெங்களூர்
18.11.2002

திரு. ஜேசுராஜ் அவர்களுக்கு,

மூன்று வருடம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்க அல்ல. போனில் கூப்பிட வேண்டாம். பேசியதைப் பேசவில்லை என்று சொல்வதில் நீங்கள் கெட்டிக்காரர். எனக்கு எழுத்தில் வேண்டும், கையெழுத்தோடு வேண்டும்.

என் அப்பா வீரையன் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் வலது கை ஒடிந்து கிடக்கிறார். தலையில் ஆறு தையல். இரண்டு நாள் லீவு போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். யார் அடித்தது என்று கேட்டால் சுவர் பக்கம் திரும்பிக்கொள்கிறார். "நீ ஒன் வேலையப் பாரு தாயி. ஊரு சூடா கெடக்கு, அங்க வராத" என்பதற்கு மேல் வாய் திறக்கவில்லை. சொல்லாவிட்டால் என்ன? ஆலடிமங்கலத்தில் எங்கள் ஆட்கள் மேல் கை வைக்கிற வீடு எது என்று எனக்குத் தெரியாதா?

அந்த வீட்டுக்கு நீங்கள் செய்து கொடுத்த மோட்டார் டைமர் பெட்டியால்தான் இவ்வளவும். அந்த வீட்டு ரெத்தினத்தின் தாத்தா நில உச்சவரம்புச் சட்டத்தில் விட்டுக்கொடுத்த நிலம், எங்கள் தெருவில் பதினாலு குடும்பத்துக்கு ஆளுக்கு ஒரு ஏக்கர். பட்டா வாங்கி இருபத்தெட்டு வருடம் ஆகிறது. அந்த வீட்டில் இன்னும் 'எங்க நெலம்' என்றுதான் சொல்கிறார்கள். இந்த வருடம் மேட்டூர் கைவிட்டது. வரப்பில் இருக்கிற பொதுக் கிணற்றில் போர் மோட்டார் ஒன்றுதான் கதி. மும்முனை மின்சாரம் காலை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை. மேல்மடைக்கு முதல் முறை என்கிற வழக்கப்படி முதல் மூன்று மணி நேரம் ரெத்தினத்துக்கு. அப்புறம் உங்கள் பெட்டி மோட்டாரை நிறுத்தி மணி அடிக்கும். வாய்க்காலை மாற்றிக்கொண்டு, மின்சாரம் நிற்கும் வரை எங்களுக்கு. தாசில்தார் முன்னால் சமாதானக் கூட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டது இது. பதினாலு பேருக்காகவும் போட்டவர் என் அப்பா.

எங்கள் முறை ஒரு நாள்கூட மூன்று மணி நேரம் வந்ததில்லை என்று தெருவே சொல்கிறது. ரெத்தினம் உங்களுக்கு என்ன சொன்னார், நீங்கள் உள்ளே என்ன செய்தீர்கள்? பெட்டிக்குள் இருக்கிற கணினிச் சில்லில் ஏற்றியிருக்கிற நிரலை வரி விடாமல் அச்செடுத்து அனுப்புங்கள். டிசம்பர் 19 கோட்டாட்சியர் விசாரணை. அதற்கு முன்னால் எனக்கு வேண்டும்.

வீ. அம்சவல்லி


திருவாரூர்
24.11.2002

அம்சவல்லி,

'திரு', 'அவர்கள்', 'நீங்கள்'. பாலிடெக்னிக்கில் என் சாப்பாட்டு டப்பாவைக் கேட்காமல் திறந்து தின்றவள் எழுதுகிற கடிதமா இது? சரி. பெங்களூர்க் கம்பெனியில் சேர்ந்தால் மரியாதை எல்லாம் தானாக வரும் போலிருக்கிறது. எனக்கு வராது. நான் கடைத்தெருவில் டிவி ரிப்பேர் பார்க்கிறவன், உன்னை 'நீ' என்றுதான் எழுதுவேன்.

உன் அப்பாவுக்கு அடிபட்டது எனக்கும் வருத்தம்தான். மூன்றாம் நாளே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். அதை அவர் உன்னிடம் சொல்லவில்லையா?

நான் திருடன் என்கிறாய். நிரல் இத்துடன் இருக்கிறது, ஒன்பது பக்கம். ஒரு வரி மறைக்கவில்லை. யாருக்கு எவ்வளவு நேரம் என்று சில்லுக்குத் தெரியாது. மூன்று மணி எண்ணும், நிறுத்தும், மணி அடிக்கும். ரெத்தினம் ஒன்று, வீரையன் இரண்டு என்றெல்லாம் அதில் எழுதவில்லை, நீயே பார்த்துக்கொள். கடையில் வைத்து இரண்டு மணி நேரம் ரேடியோ மணியோடு சரிபார்த்தேன். அரை நொடி கூடப் பிசகவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்த ஒப்பந்தத்தில் நாலாவது ஷரத்து என்ன தெரியுமா? 'பெட்டியின் நேரமே நேரம். கைக்கடிகாரம் செல்லாது. பெட்டியைச் சேதப்படுத்தும் தரப்பு கிணற்றுப் பாத்தியதையை இழக்கும்.' அது யார் சொன்ன யோசனை? உன் அப்பா ஓர் இன்லண்ட் லெட்டரைச் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தார், கூட்டத்தில் எடுத்துக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். 'மனுஷன் கடிகாரம் பொய் சொல்லும் அப்பா, மெஷின் சொல்லாது. பெட்டி நேரம்தான் நேரம் என்று எழுதி வாங்குங்கள்.' உன் கையெழுத்து. ரெத்தினம் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

இப்போது பெட்டியின் முன்பக்கக் கண்ணாடி உடைந்திருக்கிறது. அந்த ஷரத்தை வைத்துத்தான் ரெத்தினம் மனுக் கொடுத்திருக்கிறார், அது முடியும் வரை உங்கள் தெருவுக்குத் தண்ணீர் இல்லை. பெட்டி என் கடையில் இருக்கிறது. சில்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஜேசுராஜ்


பெங்களூர்
30.11.2002

ஜேசுராஜ்,

சரி, 'நீ' என்றே எழுதுகிறேன். திட்டுவதற்கு அதுதான் வசதி.

நிரலைப் படித்தேன். நாற்பது நிமிடம் ஆனது. நீ திருடன் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். முட்டாள். முட்டாள் என்று தெரிந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கோட்டாட்சியர் முன்னால் நீ சொல்ல வேண்டியதால் உனக்குப் புரிகிற மாதிரி எழுதுகிறேன். உன் பெட்டியில் இருக்கிற படிகம் ஒரு நொடிக்கு நாற்பது லட்சம் தடவை துடிக்கிறது. சில்லு நாலு துடிப்புக்கு ஓர் அடி வைக்கும். ஆக நொடிக்குப் பத்து லட்சம் அடி. உள்ளே இருக்கிற டைமர் ஒரு சின்ன எண்ணி, 255 வரைதான் அதற்கு எண்ணத் தெரியும். பத்து லட்சத்தை நேராகக் கொடுத்தால் கண்ணிமைப்பதற்குள் நூறு தடவை நிறைந்து வழிந்துவிடும். அதற்காகத்தான் முன்னால் பிரிஸ்கேலர். நாம் அதை 32 என்று வைத்தோம். முப்பத்திரண்டு அடியை அது தனக்குள் வாங்கி வைத்துக்கொண்டு டைமரிடம் 'ஒன்று' என்று சொல்லும். டைமரை ஆறிலிருந்து ஆரம்பித்தால் இருநூற்றைம்பது எண்ணியதும் நிறைந்து, பூஜ்யத்துக்குத் திரும்பி, 'ஆச்சு' என்று கூப்பிடும். இருநூற்றைம்பதை முப்பத்திரண்டால் பெருக்கினால் எட்டாயிரம் அடி, எட்டு மில்லிநொடி. அப்படி நூற்றிருபத்தைந்து தடவை கூப்பிட்டால் ஒரு நொடி.

இதில் ஒரே ஒரு ஜாக்கிரதை. கூப்பிட்ட உடனே, வேறு எதையும் தொடுவதற்கு முன்னால், டைமரில் மறுபடி ஆறு எழுதிவிட வேண்டும். ஏனென்றால் அது நமக்காகக் காத்திருக்காது, பூஜ்யத்திலிருந்து எண்ண ஆரம்பித்துவிடும். தாமதமாகப் போய் ஆறு எழுதினால் அதுவரை எண்ணியது அழிந்துபோகும். டைமரில் எழுதினால் பிரிஸ்கேலரும் சுத்தமாகத் துடைபடும், அதற்குள் பாதியில் நின்றதும் போச்சு.

நீ என்ன செய்திருக்கிறாய்? அது கூப்பிட்டதும் முதலில் நேரம் காட்டுகிற நாலு எண் விளக்கையும் ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் அரை மில்லிநொடி காத்திருந்து, எல்லாம் முடிந்த பிறகு சாவகாசமாக ஆறு எழுதுகிறாய். இரண்டு மில்லிநொடி போய்விடுகிறது. அறுபத்திரண்டு எண்ணிக்கையும், பிரிஸ்கேலருக்குள் இருந்த அரையும் ஒவ்வொரு தடவையும் குப்பையில். எட்டு மில்லிநொடி என்று அது நினைப்பது உண்மையில் பத்து. அதன் ஒரு மணி நேரம் நமக்கு எழுபத்தைந்து நிமிடம்.

ரெத்தினத்தின் மூன்று மணி மூன்றே முக்கால் மணி. மின்சாரம் பன்னிரண்டுக்கு நின்றுவிடும், அது உன் பெட்டியைக் கேட்டு நிற்பதில்லை. எங்களுக்கு மிஞ்சியது இரண்டே கால். பெட்டி யாருக்கும் ஓரம் சாயவில்லைதான். ஆனால் முதலில் வாங்குகிறவனுக்கு அது முக்கால் மணி தூக்கிக் கொடுத்தது, கடைசியில் வாங்குகிறவனிடமிருந்து பிடுங்கியது. முறையைத் தினம் மாற்றி மாற்றி வைத்திருந்தால் இரண்டு பேருக்கும் சமமாகப் போயிருக்கும். ரெத்தினம் எங்கே மாற்றுவார்? மேல்மடை வழக்கமாயிற்றே. மேடையில் சமூகநீதி பேசுகிற ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளர், வாய்க்காலுக்கு வந்தால் தாத்தா காலத்து வழக்கம்தான்.

கடையில் நீ சரிபார்த்தபோது எண் விளக்கு மாட்டியிருக்க மாட்டாய். அந்த வரிகளைப் பிறகு சேர்த்திருப்பாய். அதனால்தான் அரை நொடி கூடப் பிசகவில்லை. சரியா?

19-ஆம் தேதி போய்ச் சொல். 'நான் முட்டாள்தனமாக எழுதினேன், பெட்டி ஆரம்பத்திலிருந்தே தப்பு' என்று சொல். பெட்டியே தப்பு என்றால் நாலாவது ஷரத்து நிற்காது, கிணறு பழையபடி பொது ஆகும். கதிர் தொண்டையில் நிற்கிறது. டிசம்பர் கடைசி வரை தண்ணீர் இல்லையென்றால் பதினாலு ஏக்கரும் பதர்.

உன்னால் என்னோடு ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வர முடியவில்லை. உன் அம்மா அழுதார்கள், நீ நின்றுவிட்டாய். கோட்டாட்சியர் ஆபீசுக்காவது நட.

அம்சவல்லி


திருவாரூர்
6.12.2002

அம்சவல்லி,

நீ சொன்ன கணக்கு சரி. எனக்கு அது அக்டோபரிலேயே தெரியும்.

மோட்டாரை நிறுத்துகிற ரிலேயை மாற்றுவதற்காக ஒரு நாள் காலை வயலுக்குப் போயிருந்தேன். என் கடிகாரத்தில் ஒன்பது. பெட்டியில் 2.24. மணி அடிக்கக் காத்திருந்தேன், ஒன்பதே முக்காலுக்கு அடித்தது. ரெத்தினத்திடம் நேரே போய்ச் சொன்னேன். "ஓடுறது ஓடட்டும் தம்பி. யாராச்சும் கேட்டா கரண்ட் முன்னாடியே போயிடுதுன்னு சொல்லிக்கலாம். பக்கத்து ஊருக்கெல்லாம் இன்னும் பதினஞ்சு பொட்டி வேணும், செய்யிறியா?" என்றார். செய்கிறேன் என்றேன். கோழை என்று திட்டுவாய். திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் 'நீ என்ன செய்திருக்கிறாய்' என்று கேட்டாயே, அதற்குப் பதில் சொல்கிறேன். நான் ஒன்றும் செய்யவில்லை. காப்பி அடித்தேன். பெங்களூர் போகும்போது ஒரு நீல நோட்டைக் கொடுத்தாய், ஞாபகம் இருக்கிறதா? அதில் நாற்பத்தொன்றாம் பக்கம். டைமர் நிரல் முழுக்க உன் கையால் எழுதியது. எண் விளக்கு வரிகளுக்குப் பக்கத்தின் அடியில் இடமில்லை. அதைத் தலைப்பில், ஓரத்தில், பென்சிலால் எழுதியிருக்கிறாய். இது கடைசியில் வர வேண்டும் என்று ஓர் அம்புக்குறி போடவில்லை. நான் மேலிருந்து கீழே படிக்கிறவன், கடைசியில் விளக்கு மாட்டியபோது அப்படியே ஏற்றினேன். நம்பவில்லை என்றால் நான் அனுப்பிய அச்சில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே இருக்கிற குறிப்பைப் படி. உன் வார்த்தைகள். அதைக்கூட நான் மாற்றவில்லை.

முட்டாள் யார் என்று நீயே முடிவு செய்துகொள்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். உன் கடிதத்தில் சந்தோஷம் என்று எழுதினாயே, அதைப் படித்த பிறகு எனக்கு நிறுத்த மனமில்லை. உன் அப்பாவை யார் அடித்தது என்று நான் சொல்கிறேன். ரெத்தினம் ஆட்கள் இல்லை. உங்கள் தெருதான்.

ஐப்பசியில் உன் அப்பா வாரம் ஒரு தடவை கடைக்கு வந்தார். "தம்பி, நம்ம முறையில ரெண்டரை மணிகூட வர மாட்டேங்குதுய்யா. பொட்டி சரியாத்தான் ஓடுதா?" என்பார். மூன்றாவது தடவை வந்தபோது எனக்கு உண்மை தெரியும். இருந்தும் நோட்டை எடுத்து அவர் முன்னால் பிரித்துவைத்து, "உள்ள இருக்கறது உங்க மக எழுதுனதுப்பா. அவ எழுதுனது தப்பாப் போகுமா?" என்றேன். உன் மேல் இருந்த ஆத்திரம்தான், வேறு காரணம் இல்லை. அவருக்குப் படிக்கத் தெரியாத எழுத்து அது. விரலால் தடவிப் பார்த்தார். "எம்மகளா? இதையா?" என்று நாலு தடவை கேட்டார். எதிர்க் கடையில் இருந்த அப்துல் ஹமீது பாயைக் கூப்பிட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு ஒரு நாளும் நேரம் குறைகிறது என்று சொல்ல வரவில்லை.

தெருவில் எல்லோரும் பெட்டி பொய் சொல்கிறது என்றபோது அவர் ஒருவர்தான் இல்லை என்றார். மின்வாரியத்தைத் திட்டினார். உன் சித்தப்பா நல்லக்கண்ணுவோடு பேச்சை விட்டார். போன மாதம் பத்தாம் தேதி நல்லக்கண்ணும் ஏழெட்டுப் பேரும் கடப்பாரையோடு பெட்டியை உடைக்கப் போனார்கள். உன் அப்பா முன்னால் போய்ப் பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றார். "எம்பொண்ணு எழுதுனதுடா, மேல கை வச்சா நடக்கறதே வேற" என்று கத்தினாராம். அப்போது விழுந்த அடி அது. தம்பி அடித்ததைப் போலீசில் சொல்ல மனம் வராமல்தான் சுவர் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

ஜேசுராஜ்


பெங்களூர்
11.12.2002

ஜேசுராஜ்,

குறிப்புகளைப் பார்த்தேன். என்னுடையவைதான். முதல் தடவை படிக்கும்போதே கண்ணில் பட்டன. படாத மாதிரி இருந்துவிட்டேன். ஓர் அம்புக்குறி. அதைப் போட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

நான்கு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீ அதற்காகத்தானே எழுதினாய்? கிடைத்துவிட்டது, வைத்துக்கொள். நீ எனக்குச் செய்ததை மன்னிக்க ஒரு காலத்தில் முயற்சி செய்தேன். அவருக்குச் செய்ததை மன்னிக்க மாட்டேன். அவர் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதே பட்டா வாங்குவதற்காகத்தான். அவரைக் கூப்பிட்டுவைத்து, அவர் மகளையே காட்டி வாயை அடைத்தாய்.

உன்னைத் திட்ட இதை எழுதவில்லை. கேட்பதற்காக எழுதுகிறேன். உன்னிடம் கேட்க வேண்டியிருக்கிறதே என்று கூசுகிறது.

19-ஆம் தேதி தப்பு உன்னுடையது என்று மட்டும் சொல். நீ காப்பி எடுக்கும்போது வரிகளை மாற்றி ஏற்றிவிட்டாய் என்று சொல். பாதி உண்மைதான் அது. நோட்டைக் காட்டாதே. என் பெயரை எடுக்காதே. இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. கிணறு தெருவுக்குத் திரும்பி வர வேண்டும். அதே சமயம் நான் எழுதியதற்காகத்தான் தன் தம்பியிடம் அடிவாங்கினார், அதுவும் தப்பாக எழுதியதற்காக, என்று அவருக்குத் தெரியக்கூடாது. சாகும்வரை தெரியக்கூடாது.

நானே வந்து சொல்லலாம். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல என்னால் முடியாது. கோழை என்று நீயும் திட்டிக்கொள்.

கடை பெயர் கெடும், ரெத்தினம் உன்னைச் சும்மா விடமாட்டார், அந்தப் பதினைந்து பெட்டியும் போகும். தெரிந்துதான் கேட்கிறேன். சத்தியம் செய்து எனக்கு எழுது.

அம்சவல்லி


திருவாரூர்
21.12.2002

அம்சவல்லி,

சத்தியம் செய்து எழுத நேரமில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

நீ கேட்டபடிதான் சொன்னேன். கோட்டாட்சியர் நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். வரிகளை முன்பின்னாக ஏற்றிவிட்டேன், பெட்டியின் ஒரு மணி எழுபத்தைந்து நிமிடம், ஆரம்பத்திலிருந்தே தப்பு, அத்தனையும் என் கவனக்குறைவு என்றேன். பெட்டியை மேஜை மேல் வைத்துப் புது விளக்கு மாட்டி ஓட்டியும் காட்டினேன். அவர் கடிகாரத்தில் ஐந்து நிமிடம் ஆனபோது பெட்டியில் நான்கு. ரெத்தினத்தின் முகம் செத்துப்போனது. உன் சித்தப்பா பெஞ்சைத் தட்டினார். கிணறு கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போது உன் அப்பா எழுந்தார். கையில் மாவுக்கட்டு. யாரும் கூப்பிடவில்லை.

"ஐயா, இந்தத் தம்பி பொய் சொல்லுது. தெருக்காரனுங்க சேர்ந்து பேசிவச்சு இதச் சொல்லச் சொல்லியிருக்கானுங்க. உள்ள இருக்கறது எம்மக அம்சவல்லி எழுதுன எழுத்து. நோட்டு இந்தத் தம்பி கடையில இருக்கு, எங் கண்ணால பாத்தேன். பெங்களூர்ல பெரிய கம்பெனியில இதே வேலதான் பாக்குது. அது எழுதுனா தப்பாவாதுங்க" என்றார்.

கோட்டாட்சியர் என்னைப் பார்த்து, "நோட்டு இருக்கா?" என்றார். இல்லை என்றேன். நீ காட்டாதே என்று எழுதியிருந்தாய். உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது, கையை வைத்துக்கொண்டே நின்றேன். எடுத்துக் கொடுத்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். நீ கேட்டபடி எடுக்கவில்லை.

ரெத்தினத்தின் வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். இந்த ஆள் இப்போது பெட்டிக்குள் புதிதாக ஏதோ ஏற்றிக்கொண்டு வந்து காட்டுகிறான், நோட்டை மறைக்கிறான், தெருவிடம் வாங்கிக்கொண்டு பேசுகிறான் என்றார். பெட்டி என் கடையில் ஐந்து வாரம் இருந்தது உண்மைதானே? கோட்டாட்சியர் உன் அப்பாவிடம், "பதினாலு பேருக்கும் கையெழுத்துப் போட்டது நீங்கதானா? பெட்டி நேரம் சரின்னு நீங்களே சொல்றீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும், "சரிங்க" என்றார். நல்லக்கண்ணு அவர் காலில் விழுந்து, "அண்ணே, வேணாம்ணே" என்று அழுதார். உன் அப்பா காலை இழுத்துக்கொண்டார்.

வாக்குமூலம் எழுதி அவரே இடது கையால் கையெழுத்துப் போட்டார். நாலாவது ஷரத்துப்படி தெருவுக்குக் கிணற்றுப் பாத்தியதை இல்லை என்று நேற்று உத்தரவு வந்துவிட்டது. மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் இருக்கிறது, கதிருக்கு ஐந்து நாள்தான் இருக்கிறது. தெருவில் யாரும் உன் அப்பாவுக்குத் தண்ணீர்கூடக் கொடுப்பதில்லை. என் கடையில்தான் இரண்டு நாளாகப் படுத்திருக்கிறார்.

அவருக்கு வருத்தமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இன்று காலை என்னை உத்தரவு நகல் வாங்கி வரச் சொல்லி அனுப்பினார். அதில் உன் பெயரும், தகப்பனார் வீரையன் என்பதும் பிழையில்லாமல் ஏறியிருக்கிறதா என்று பார்த்து உனக்கு எழுதச் சொன்னார்.

பார்த்தேன். பிழையில்லை.

ஜேசுராஜ்